கடைமடை வரைபடமும் நாற்பது கணினிகளும்: ஒரு மென்பொருள் கோரிக்கையின் ஆய்வு

திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரியின் புவியியல் துறையிலிருந்து 2024 கோடையில் கணினி ஆய்வகத்துக்கு ஒரு தாள் வந்தது. அதில் ஆறு பெயர்கள்: க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் புதிய பதிப்பு, புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியும் வரைபடத் தரவுக்கான அதன் எஸ்எஃப், டெரா தொகுப்புகளும், ஸ்நாப், பைத்தான் மொழிக் கருவிகளின் மூட்டையான அனகோண்டா, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் தமிழ் ஓசிஆர், டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துரு. ‘எல்லாக் கணினிகளிலும்’ என்ற சொற்களுக்கு அடிக்கோடு. கீழே துறைத்தலைவரின் கையெழுத்து. என்ன வேலைக்கு, எந்த நாளுக்குள், யார் பயன்படுத்துவதற்கு என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. பல ஆண்டுகளாக அந்தப் படிவம்தான் புழக்கத்தில் இருந்தது.

பெயர்களை மட்டும் பார்த்தால் ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை போலத் தோன்றும். பாதிக்கு மேல், ஆய்வகத்தின் லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் சொந்த மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கிறவை. ஆனால் தாளில் இருந்த கடைசிப் பெயரை அடித்துவிட ஒரு பருவத்தின் பெரும்பகுதி ஆயிற்று. அதில் பாதிதான் தொழில்நுட்பத்தின் கைங்கரியம். மீதிக்குக் காரணம், படிவம் கேட்காமல் விட்ட கேள்விகள்.

ஆய்வகத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய நாற்பது மேசைக் கணினிகள், எல்லாவற்றிலும் உபுண்டு 22.04. பெரும்பாலானவற்றில் 8 ஜிபி நினைவகம். கடைசி வரிசையில் இரண்டில் மட்டும் 32 ஜிபி. மாணவர்களின் கோப்புகள் சர்வரில் இருக்கின்றன. என்எஃப்எஸ் என்ற பிணையப் பகிர்வு வழியாக, எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவரவர் அடைவு அவரவர் முன் திறக்கும். ரூட் என்ற முழு நிர்வாக உரிமை மாணவர்களுக்கும் இல்லை, ஆசிரியர்களுக்கும் இல்லை. எந்தக் கணினியில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஆன்சிபிள் என்ற கருவியின் கோப்புகளில் எழுதி வைத்து, சர்வரிலிருந்து எல்லாவற்றுக்கும் அனுப்புகிறோம். ஃபைபர் இணைப்பு ஒன்றே ஒன்று. கல்லூரி அலுவலகமும் அதில்தான் தொங்குகிறது. ஒப்பந்த அடிப்படையில் வெளியிலிருந்து பராமரிப்பவன் நான். அன்றாடம் உள்ளே இருப்பவர் ஆய்வக உதவியாளர்.

வேலை என்ன?

தாளை எடுத்துக்கொண்டு, இவற்றைக் கேட்ட பேராசிரியையிடம் போனேன். அவர் சொன்னது மென்பொருளைப் பற்றியே இல்லை, வெண்ணாற்றைப் பற்றி. கல்லணையில் நீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என நான்காகப் பிரிகிறது. வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது. நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அதற்குக் கீழே கிளை வாய்க்கால்கள், அவற்றின் கிளைகள் என்று போய், கடலோரக் கிராமங்களில் முடிகிறது. அந்த முடிவிடம்தான் கடைமடை. மேட்டூரில் மதகு திறந்தால் கல்லணைக்குச் சில நாட்களில் நீர் வந்துவிடும். கடைமடைக்கு எப்போது வந்தது, வந்ததா என்பது ஆண்டுதோறும் சண்டை.

மாணவர்கள் செய்யவிருந்தது இதுதான்: வாய்க்கால் வறண்டு கிடக்கும்போதே நடந்து போய் அதன் போக்கைப் பதிவு செய்வது; பிறகு ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 ரேடார் படங்களை வைத்து எந்த வயலில் எப்போது நீர் ஏறியது என்று பார்ப்பது. சாதாரணச் செயற்கைக்கோள் படத்தை வடகிழக்குப் பருவமழை மேகம் மறைத்துவிடும். ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். மேட்டூர் அணையை மரபுப்படி ஜூன் 12-ல் திறப்பார்கள், ஆகவே அதற்குள் கணினிகள் தயாராக வேண்டும் என்றார்.

அந்த ஆண்டு அணையில் போதிய நீர் இல்லாததால் ஜூன் 12-ல் திறக்கவில்லை. ஜூலை இறுதியில்தான் திறந்தார்கள். குறுவைக்காரர்களுக்கு அது பெரிய அடி. எனக்கு மட்டும் அவகாசம் கிடைத்தது. அதைச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

பேராசிரியையிடம் நான் கேட்டு வாங்கியவை நான்கு கோப்புகள்: அவருடைய மடிக்கணினியில் சேமித்த ஒரு க்யூஜிஐஎஸ் திட்டக் கோப்பு, மாணவர்கள் ஓட்டவிருக்கும் ஓர் ஆர் நிரல், ஒரு சென்டினல் படம், வருடிய தமிழ்ப் பக்கம் ஒன்று. மென்பொருளின் பெயரைவிட, அது திறக்க வேண்டிய கோப்பே அதிகம் சொல்லும் என்பது என் கட்சி. ‘நிறுவியாயிற்று’ என்று உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் சொன்னதும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. கேட்டவரின் கோப்பு, கேட்டவரின் கணக்கில், எல்லாக் கணினிகளிலும் திறந்தால்தான் அது முடிவு.

முன்வரிசையும் பின்வரிசையும்

முதலில் ஆர் நிரலை எடுத்தேன், ஏனென்றால் அதைப் பற்றி ஆய்வகத்தில் ஏற்கெனவே ஒரு வதந்தி இருந்தது. ‘ஆர் முன்வரிசையில் ஓடும், பின்வரிசையில் ஓடாது’ என்று மாணவர்கள் பேசிக்கொண்டார்கள். மதிய வகுப்புக்கு முன்வரிசையில் இடம் பிடிக்கப் பையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்களாம். உதவியாளர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். வதந்தி முழு உண்மை என்று பிறகு தெரிந்தது.

ஒரு மாணவரின் சம்மதத்தோடு அவர் கணக்கிலேயே நிரலை எல்லாக் கணினிகளிலும் ஓடவிட்டேன். முன்னால் மூன்று வரிசைகளில் ஓடியது. அதற்குப் பின்னால் எங்கும் ஓடவில்லை. ‘லிப்ஜிடால்’ நிரலகத்தின் 32-ஆம் எண் கோப்பைக் காணவில்லை என்ற பிழை.

எஸ்எஃப் தொகுப்பு வரைபடக் கணக்குகளைத் தானே போடுவதில்லை. ஜிடால், ப்ராஜ், ஜியாஸ் என்ற மூன்று நிரலகங்களிடம் வேலையை ஒப்படைக்கிறது. ஆர் மொழியின் பொதுக் களஞ்சியத்திலிருந்து லினக்ஸில் அதை நிறுவினால், மூல நிரல் இறங்கி, அந்தக் கணினியிலேயே ஓடும் வடிவுக்குத் தொகுக்கப்பட்டு, அங்கே இருக்கிற ஜிடால் பதிப்பின் எண்ணோடு பிணைந்துகொள்கிறது. உபுண்டு 22.04 தருவது ஜிடால் 3.4, அதன் கோப்பு எண் 30. முன்வரிசைக் கணினிகளில் இருந்தது 3.6, எண் 32. ரூட் உரிமை இல்லாத மாணவர் தொகுப்பை நிறுவினால் அது அவருடைய சொந்த அடைவுக்குள் போகும். சொந்த அடைவோ சர்வரில், எல்லாக் கணினிகளுக்கும் பொது. ஆக, முன்வரிசையில் தொகுத்தது பின்வரிசையில் 32-ஐத் தேடி ஏமாறும். பின்வரிசையில் மறுபடி தொகுத்தால், மறுநாள் முன்வரிசையில் 30-ஐத் தேடி ஏமாறும். ஒவ்வொரு வகுப்பிலும் யாரோ ஒருவர் எஸ்எஃபை மறுபடி தொகுத்துக்கொண்டே இருந்தார்கள். அதற்கு ஆகும் நேரத்தில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

ஒரே ஆய்வகத்தில் இரண்டு ஜிடால் எப்படி வந்தது? எனக்கு முன் பராமரித்தவர்களின் பதிவேட்டில் அதற்கு விடை இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் ‘புதிய க்யூஜிஐஎஸ்’ கேட்டிருக்கிறார். அப்போது அவர் வகுப்பு எடுத்த கணினிகளில் மட்டும் உபுண்டுஜிஐஎஸ் என்ற பிபிஏவை, அதாவது வெளியார் களஞ்சியத்தை, சேர்த்திருக்கிறார்கள். அந்தக் களஞ்சியம் க்யூஜிஐஎஸ்ஸை மட்டும் தருவதில்லை. அடியில் இருக்கும் ஜிடாலையும் சேர்த்து உயர்த்திவிடும். பிறகு, வேண்டாதவற்றை நீக்கும் கட்டளையையும் ஓட்டியிருக்கிறார்கள். பழைய 30 போய்விட்டது. பதிவேட்டில் ‘முடிந்தது’ என்று டிக் அடித்திருந்தது. அன்றைக்குக் கேட்டவரைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆய்வகம் இரண்டாகப் பிளந்தது யார் கணக்கிலும் வரவில்லை.

சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. பிபிஏவை எல்லாக் கணினிகளிலும் சேர்த்து 3.6-க்கு ஏற்றுவது, அல்லது எல்லாவற்றையும் 3.4-க்கு இறக்குவது. பேராசிரியை முதலில் விரும்பியது ஏற்றுவதைத்தான். புதியது என்றால் நல்லது என்பது எவருக்கும் இயல்பாக வருகிற எண்ணம். நான் இறக்குவதன் பக்கம் நின்றேன். தன்னார்வலர்கள் சிலர் நடத்தும் களஞ்சியம் அது. அடுத்த மாதம் அவர்கள் 3.8-க்குப் போனால் நாமும் இழுபடுவோம், எண் மறுபடி மாறும், மாணவர்களின் தொகுப்புகள் மறுபடி உடையும். நிரலில் 3.6-ல் மட்டுமே உள்ள ஏதாவது வசதி தேவையா என்று வரிவரியாகப் பார்த்தோம். எதுவும் இல்லை. அதன்பின் அவர் எதிர்க்கவில்லை.

அந்த ஆண்டு மார்ச் இறுதியில்தான் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவிக்குள் யாரோ பின்வாசல் வைத்திருந்தது உலகம் முழுக்கச் செய்தியாயிற்று. கல்லூரி முதல்வர்கூட நாளிதழில் படித்துவிட்டு, நம் கணினிகள் பத்திரமா என்று கேட்டார். பின்வாசல் இருந்தது 5.6.0, 5.6.1 என்ற மிகப் புதிய பதிப்புகளில். நம்முடைய 22.04-ல் இருந்தது 5.2 வரிசை. தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழி உள்நுழைவது அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் கவனித்ததால் அகப்பட்டது அது. இல்லாவிட்டால் அடுத்த வெளியீடுகள் எல்லாவற்றுக்குள்ளும் போயிருக்கும். பழைய பதிப்பில் தங்கியிருப்பது சோம்பல் ஆகாது என்று விளக்க எனக்கு அந்தச் செய்தி மிகவும் உதவியது.

பிபிஏவை நீக்கிப் பழைய பதிப்புகளுக்கு இறக்கித் தரும் கருவி ஒன்று உண்டு. ஒரு கணினியில் ஓட்டிப் பார்த்தேன். இறங்கியது, ஆனால் நிரல் எழுதுவோருக்கான கூடுதல் தொகுப்புகள் சில அந்தரத்தில் நின்றன, அவற்றைக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு கணினியிலும் அந்த வம்பு எதற்கு? மாணவர்களின் கோப்புகள்தான் சர்வரில் இருக்கின்றனவே. முன்வரிசைக் கணினிகளை வலைவழித் துவக்கத்தில் எழுப்பி, அடியோடு புதிதாக உபுண்டு நிறுவி, ஆன்சிபிளிடம் விட்டேன். பிறகு எஸ்எஃப், டெரா இரண்டையும் உபுண்டு தொகுத்தே தருகிற வடிவில், எல்லாக் கணினிகளிலும் ரூட் மட்டத்தில் வைத்தோம். அவை 30-ஆம் எண்ணோடு பிணைந்தே வருகின்றன. யாரும் எதையும் தொகுக்க வேண்டியதில்லை.

சோதனைக் கணக்கில் நாற்பதிலும் நிரல் ஓடியது. முன்பு சோதித்த அதே மாணவரின் கணக்கில் பழைய பிழை அப்படியே இருந்தது. ஆர் மொழி ஒரு தொகுப்பைத் தேடும்போது முதலில் பார்ப்பது பயனரின் சொந்த அடைவை; அதன் பிறகுதான் கணினிக்குப் பொதுவானதை. 32-ஓடு பிணைந்த அவருடைய பழைய எஸ்எஃப் உள்ளே உட்கார்ந்துகொண்டு, நாங்கள் வைத்த நல்ல எஸ்எஃபை மறைத்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட பழைய பிரதிகள் பல மாணவர்களிடம் இருந்தன. மாணவரின் அடைவில் நிர்வாகி கை வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். துறை வழியாக ஓர் அறிவிப்பு ஒட்டி, ஒரு வாரம் விட்டு, அதன்பின் எஸ்எஃப், டெரா அடைவுகளின் பெயரை மட்டும் மாற்றி வைத்தோம், எதையும் அழிக்கவில்லை. முன்வரிசையில் பை வைக்கும் பழக்கம் அந்தப் பருவத்தோடு போயிற்று.

க்யூஜிஐஎஸ்: எவ்வளவு புதியது?

22.04-ன் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பது க்யூஜிஐஎஸ் 3.22. பேராசிரியையின் திட்டக் கோப்பு 3.34-ல் சேமிக்கப்பட்டது. பழைய பதிப்பில் அது திறக்கும், ‘இது புதிய பதிப்பில் சேமித்தது’ என்ற எச்சரிக்கையோடு. அவர் வீட்டில் ஒன்றும் மாணவர்கள் ஆய்வகத்தில் ஒன்றும் சேமித்துக் கோப்பு அங்கும் இங்கும் போய்வந்தால் எது தொலையும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்தில் புதியது வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. க்யூஜிஐஎஸ் திட்டம் தானே நடத்தும் களஞ்சியத்தில், நீண்டகால ஆதரவுப் பதிப்பை உபுண்டுவுக்கு இரண்டு விதமாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள்: உபுண்டுவின் சொந்த நிரலகங்களோடு பிணைத்தது ஒன்று, மேலே சொன்ன பிபிஏவின் நிரலகங்களோடு பிணைத்தது இன்னொன்று. முதலாவதை எடுத்தால் 3.34 கிடைக்கும், ஜிடால் 3.4-ல் அசையாமல் நிற்கும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் இரண்டாவதில் போய் விழ வாய்ப்பு அதிகம்.

வெளிக் களஞ்சியத்தைச் சேர்ப்பது அதற்கு ரூட் உரிமை தருவதற்குச் சமம். அது எந்தத் தொகுப்பை வேண்டுமானாலும் ‘என்னிடம் புதியது இருக்கிறது’ என்று தள்ளிவிடலாம். ஆகவே ஆப்ட் முன்னுரிமைக் கோப்பில், இந்தக் களஞ்சியத்திலிருந்து க்யூஜிஐஎஸ் பெயர் கொண்ட தொகுப்புகள் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்று கட்டிவைத்தோம். அதன் கையொப்பச் சாவியைத் தனிக் கோப்பில் வைத்து, அந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் செல்லும்படி குறித்தோம். ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு புதுச் சாவி வெளியிட்டார்கள். காலாவதியானதும் ஊரெல்லாம் புதுப்பிப்பு நின்றுபோகும். இப்போதுள்ள சாவி 2022 முதல் 2027 வரைக்கும். பதிவேட்டில் அந்த ஆண்டும் ஏறியது.

நீண்டகால ஆதரவு என்று பெயர் இருந்தாலும் அந்த ஆதரவு ஏறக்குறைய ஓராண்டுதான். 2025 பிப்ரவரியில் 3.40 வரிசை அதே இடத்துக்கு வரவிருந்தது. பருவத்தின் நடுவில், யாரும் கேட்காமலே, ஒரு காலை வகுப்பில் திரை மாறி நிற்கும். அதனால் 3.34-லேயே நிறுத்தி வைக்கும் குறியைப் போட்டோம். நிறுத்தி வைத்ததை மறந்துவிடுவது எல்லா ஆய்வகங்களுக்கும் உள்ள வியாதி. எனவே குறியோடு விலக்கும் மாதத்தையும் ஆன்சிபிள் கோப்பிலேயே எழுதினோம்.

ஸ்நாப் என்று இரண்டு

தாளில் ‘ஸ்நாப்’ என்று இருந்ததைப் பார்த்து உதவியாளர், நான் வருவதற்கு முன்பே அந்த வரியை அடித்துவிட்டார். “மேடம், ஸ்நாப் ஏற்கெனவே எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது” என்று பதிலும் எழுதிவிட்டார். “இருக்கிறது என்கிறீர்களே தம்பி, எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்று பேராசிரியை ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். உதவியாளர் சொன்னது உபுண்டுவோடு வருகிற, ஃபயர்ஃபாக்ஸைக்கூடச் சுமந்து வருகிற ஸ்நாப் தொகுப்பு முறை. பேராசிரியை கேட்டது ஐரோப்பிய விண்வெளி முகமை சென்டினல் படங்களுக்காக இலவசமாகத் தரும் ஸ்நாப். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஒரே பெயரால் வரும் தொல்லை இத்தோடு முடிவதில்லை. முகமையின் ஸ்நாப் எந்தக் களஞ்சியத்திலும் இல்லை. தனி நிறுவியாக வருகிறது, தனக்கு வேண்டிய ஜாவாவையும் கூடவே சுமந்துகொண்டு. நிறுவும்போது பொதுக் கட்டளை அடைவில் ஒரு குறுக்கிணைப்பு (வேறிடத்தில் உள்ள கோப்பைச் சுட்டும் பெயர்) போட விட்டால், அது உபுண்டுவின் ஸ்நாப் கட்டளைக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். நிர்வாகி புதுப்பிப்புக்காகக் கட்டளை அடித்தால் செயற்கைக்கோள் மென்பொருள் கண் விழிக்கும். குறுக்கிணைப்பு வேண்டாமென்று சொல்லித் தனி அடைவில் வைத்து, பட்டியில் ‘சென்டினல் ஸ்நாப்’ என்ற பெயரில் ஒரு சின்னம் மட்டும் கொடுத்தோம்.

‘எல்லாக் கணினிகளிலும்’ என்ற அடிக்கோடு இங்கேதான் கழன்றது. பேராசிரியை கொடுத்த படத்தை 8 ஜிபி கணினியில் திறந்ததுமே விசிறி அலறத் தொடங்கியது. ரேடார் அளவீட்டுத் திருத்தம் பாதியில் நின்றுபோனது. அதையே 32 ஜிபி கணினியில் ஓட்டிக் காட்டினேன். அந்த இரண்டில் மட்டும் ஸ்நாப் போதும். மாணவர்கள் முறை வைத்துப் படங்களைத் திருத்திவிட்டு, முடிவை மற்ற கணினிகளில் க்யூஜிஐஎஸ்ஸில் பார்க்கலாம் என்று பேராசிரியை ஒத்துக்கொண்டார். வாதம் செய்திருந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கும். கோப்பைத் திறந்து காட்டியதும் முடிந்தது.

இன்னொன்று. நில உயரத் தரவு, செயற்கைக்கோளின் சுற்றுப்பாதைக் கோப்பு போன்றவற்றை ஸ்நாப் தேவைப்படும்போது தானே இறக்கி, ஒவ்வொரு பயனரின் அடைவிலும் தனித்தனியாகச் சேர்த்து வைக்கும். எல்லோருக்கும் அதே டெல்டா, அதே தரவு. ஆனால் ஆளுக்கொரு பிரதி. சர்வர் வட்டும் ஃபைபர் இணைப்பும் இரண்டுமே திணறும். துணைத் தரவு இருக்க வேண்டிய இடத்தை அமைப்புக் கோப்பில் மாற்றி, பொது அடைவு ஒன்றைக் காட்டினோம்.

மற்ற மூன்று

அனகோண்டா எதற்கு என்று கேட்டபோது, பைத்தானில் வரைபடத் தரவைக் கையாளும் ஜியோபாண்டாஸ் வேண்டும் என்பதுதான் பதில். அதற்கு அனகோண்டா தேவையில்லை. பைத்தானின் மெய்நிகர்ச் சூழல் என்ற தனி அடைவு ஒன்றில் ஜியோபாண்டாஸை நிறுவினால், அது சார்ந்திருக்கும் தொகுப்புகள் தங்களுக்குரிய ஜிடாலைத் தங்களுக்குள்ளேயே மூட்டை கட்டிக்கொண்டு வருகின்றன. கணினியின் ஜிடாலைத் தொடுவதில்லை. படிக்க மட்டும் முடிகிற பொது அடைவில் ஒரே சூழல், எல்லோருக்கும். 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களின் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் என்று 2020-ல் அனகோண்டா தன் விதிகளை மாற்றியதும் என் தயக்கத்துக்கு ஒரு காரணம். கல்லூரிக்கு அது பொருந்துமா என்று வக்கீலைத் தேடிப் போவதற்குப் பதில், கேள்வியே எழாத வழி நல்லது.

ஆனால் முதுநிலை மாணவர்கள் இருவர் அனகோண்டாவின் நிறுவல் கருவியான கோண்டாவைத் தங்கள் சொந்த அடைவிலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு ரூட் உரிமை வேண்டாமே. அவர்களிடம் க்யூஜிஐஎஸ் விசித்திரமாக நடந்துகொண்டது: ப்ராஜ் தரவுத்தளம் ‘வேறொரு ப்ராஜ் நிறுவலைச் சேர்ந்தது’ என்று புலம்பியது. கோண்டா விழிக்கும்போது ப்ராஜ் தரவு இருக்குமிடத்தைச் சுட்டும் சூழல் மாறியைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறது. அதே முனையத்திலிருந்து க்யூஜிஐஎஸ்ஸைத் தொடங்கினால் அது தனக்குச் சொந்தமில்லாத தரவைப் படிக்கிறது. இட ஆயத்தொலைகளை மாற்றிக் கணக்கிடுவது ப்ராஜ்தான்; அது குழம்பினால் வரைபடமே நகரும். பழைய நில அளவை வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் நீள்வட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் தருவது டபிள்யூஜிஎஸ்-84 என்ற வேறு கணக்கு. மாற்றம் சரியாக நடக்காவிட்டால் நூறு மீட்டருக்கு மேல் விலகும். சில மீட்டர் அகலமே உள்ள வாய்க்கால் பக்கத்து ஊர்க்காரர் வயலில் போய் விழும். கோண்டா தானாக விழித்துக்கொள்ளாதபடி அந்த இருவரின் அமைப்பை மாற்றிக் கொடுத்தோம், கோண்டாவைப் பிடுங்கவில்லை.

தமிழ் ஓசிஆருக்கு டெசராக்ட் என்ற மென்பொருளும் அதன் தமிழ்த் தரவும் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. நிறுவினோம், வருடிய பக்கத்தைக் கொடுத்தோம், படித்தது. டைம்ஸ் நியூ ரோமன் மட்டும் சிறு வேடிக்கை. அந்தத் தொகுப்புக்குள் எழுத்துரு கிடையாது. உரிமத்தை ஏற்கிறாயா என்று திரையில் கேட்டு, ஏற்ற பிறகே இணையத்திலிருந்து இறக்கும். நாற்பது கணினிகளில் ஆளில்லாமல் ஓடும் நிறுவலுக்கு யார் ‘சரி’ சொல்வது? பதிலை முன்கூட்டியே எழுதி வைக்க முடியும்தான். அறிக்கையின் பக்கங்கள் அச்சுக்கடையில் புரண்டுவிடக் கூடாது என்பதே கவலை என்று தெரிந்ததும், எழுத்தின் அகலம் இம்மியும் மாறாத லிபரேஷன் செரிஃப் எழுத்துரு ஏற்கெனவே இருப்பதைக் காட்டினேன். அந்த வரி நிறுவாமலே அடிபட்டது.

நிறுவிய நாள்

காலை ஒன்பது மணிக்கு உதவியாளர் மெயின் சுவிட்சைப் போடுவார். நாற்பது கணினிகளும் ஒன்றாக விழிக்கும். அணைந்து கிடந்தபோது தவறிப்போன அன்றாடப் புதுப்பிப்பை ஒவ்வொன்றும் உடனே தொடங்கும். அந்த நேரத்தில் ஆன்சிபிள் போய்க் கதவைத் தட்டினால், ‘பூட்டு வேறொருவரிடம் இருக்கிறது’ என்று உபுண்டுவின் தொகுப்பு மேலாளர் திருப்பி அனுப்பும். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. அது தொகுப்புத் தரவுத்தளத்தைக் கெடுக்க நேர்வழி. ஆன்சிபிளுக்குக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் கொடுத்தால் போதும்.

பூட்டைவிடப் பெரிய எதிரி மின்சாரம். துணைமின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் நாளிதழில் வந்துவிடும், அதைத் தவிர்க்கலாம். சொல்லாமல் போவதை என்ன செய்வது? யுபிஎஸ் பேட்டரிகள் பெயருக்குத்தான் இருந்தன. முதல் தொகுதி நிறுவலின் நடுவில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எழுவதற்குள் சில கணினிகள் பாதி அமைந்த தொகுப்புகளோடு அணைந்தன. பாதியில் நின்றவற்றை அமைத்து முடிக்கும் கட்டளை அவற்றில் பெரும்பாலானவற்றை மீட்டது. ஒன்றை மட்டும் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று.

அதன்பின் வேலையை இரண்டாகப் பிரித்தோம். பகலில் இறக்குவது மட்டும்: சர்வரில் உள்ள இடைத்தேக்ககம் ஒவ்வொரு தொகுப்பையும் இணையத்திலிருந்து ஒருமுறை வாங்கி நாற்பதுக்கும் பங்கிடும், ஒவ்வொரு கணினியும் இறக்கி வைத்துக்கொள்ளும், நிறுவாது. இதன் நடுவில் மின்சாரம் போனால் நட்டம் ஒன்றுமில்லை. நிறுவுவது வகுப்பு முடிந்த பிறகு, ஜெனரேட்டர் ஆள் வளாகத்தில் இருக்கும்போது, ஒரு வரிசைக்குப் பின் ஒரு வரிசையாக. எல்லாம் அருகிலேயே இருப்பதால் ஒரு வரிசை முடிய அதிக நேரம் ஆகாது. ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் பேராசிரியையின் கோப்புகள் அதில் தாமாக ஓடி, தேறிய கணினிகளின் பெயர்ப் பட்டியலைச் சர்வரில் எழுதும்.

கோரிக்கைப் படிவம் இப்போது மாறியிருக்கிறது. மென்பொருளின் பெயருக்கு ஒரு வரி. வேலையை விவரிக்க அரைப் பக்கம். மாதிரிக் கோப்பைச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனை. எத்தனை கணினிகள், எந்த மாதம் வரை என்ற கேள்விகள். மாதிரிக் கோப்பு இல்லாமல் வருகிற தாள்கள் இன்னும் வருகின்றன. உதவியாளர் அவற்றைத் திருப்பி அனுப்புகிறார். முதல்வர் அலுவலகத்திலிருந்து வருவதை மட்டும் அவரால் திருப்ப முடிவதில்லை.

தீராத ஒன்று இருக்கிறது. 22.04-க்கு 2027 வரை வழக்கமான ஆதரவு உண்டு. ஆனால் ஆர், ஜிடால் இரண்டும் உபுண்டுவின் ‘யூனிவர்ஸ்’ பிரிவில் இருப்பவை. அந்தப் பிரிவுக்கு முறையான பாதுகாப்புத் திருத்தங்கள் உபுண்டு ப்ரோ என்ற சந்தாவின் கீழ்தான் வருகின்றன. தனிநபருக்கு ஐந்து கணினிகள் வரை அது இலவசம். நாற்பது கணினி உள்ள கல்லூரிக்கு அந்தச் சலுகை பொருந்தாது. சந்தா கட்டுவதா, உபுண்டுவுக்கு மூலமான டெபியன் லினக்ஸின் 12-ஆம் பதிப்புக்கு மாறுவதா என்பது நிர்வாகத்தின் முன் இருக்கிறது. டெபியன் 12-ல் ஜிடால் 3.6, ஆர் 4.2. ஆர் மொழி சொந்தத் தொகுப்புகளைப் பதிப்பு எண் வாரியாகத் தனி அடைவில் வைப்பதால், 4.1-ல் தொகுத்தவை 4.2-ன் கண்ணில் படாது. மாற்றத்தின்போது இரண்டும் கலந்திருந்தாலும் முன்வரிசைச் சிக்கல் திரும்ப வராது. ஓரத்தில் உள்ள ஒரு கணினியில் டெபியனை ஏற்றிப் பேராசிரியையின் கோப்புகளை ஓட்டிப் பார்த்தோம். ஆர் நிரலும் க்யூஜிஐஎஸ் திட்டமும் தேறின. ஸ்நாப் சோதனைக்கு 32 ஜிபி கணினி வேண்டும். இரண்டிலும் சம்பாப் பருவத்துப் படங்கள் ஓடிக்கொண்டிருப்பதால், பொங்கல் விடுமுறை வரை அவற்றைத் தொட வேண்டாம் என்று பேராசிரியை சொல்லியிருக்கிறார்.